பாஸ்வேர்டை மாற்றியும் ஆள் வெளியே போகவில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் வாசகர் கடிதப் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். அவருடைய இணையக் கணக்கில் யாரோ நுழைந்துவிட்டார்களாம். மூன்று முறை பாஸ்வேர்டை மாற்றிவிட்டாராம், அப்புறமும் அந்த ஆள் உள்ளேயேதான் இருக்கிறானாம். அதற்குக் கீழே நீங்கள் போட்டிருந்த குறிப்பு, 'எழுத்தும் எண்ணும் கலந்த வலுவான பாஸ்வேர்டு வையுங்கள், யாரிடமும் சொல்லாதீர்கள்' என்றது. தப்பான அறிவுரை இல்லைதான். ஆனால் அவருக்கு நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவர் வாசல் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டுவிட்டார், ஆள் ஏற்கெனவே கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறான். அவனை எழுப்பி வெளியே அனுப்ப வேண்டியது அந்தத் தளத்தை எழுதியவர்கள், அதாவது என்னைப் போன்றவர்கள். பன்னிரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு, லாகின் பகுதியை மட்டும் ஏழெட்டுத் தளங்களுக்கு எழுதியிருப்பேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள்.

வங்கியில் பித்தளை டோக்கன் கொடுத்த காலம் உங்கள் வாசகர்களில் பாதிப் பேருக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் அப்பாவோடு போவேன். செக்கைக் கவுன்ட்டரில் நீட்டினால், உள்ளே இருப்பவர் கையெழுத்தைப் பழைய அட்டையோடு ஒப்பிட்டு, லெட்ஜரைப் புரட்டிப் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நம்பர் பொறித்த ஒரு பித்தளை வில்லையைக் கொடுப்பார். பெஞ்சில் போய் உட்கார வேண்டியதுதான். கம்பிக் கூண்டுக்குள் இருக்கும் கேஷியர் நம்பரைக் கூப்பிடுவார். அவர் உங்கள் கையெழுத்தைக் கேட்க மாட்டார், முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்க மாட்டார், வில்லையை வாங்கிப் போட்டுக்கொண்டு பணத்தை எண்ணித் தருவார். அப்பா அதைச் சட்டைப் பையில் போடவே மாட்டார், உள்ளங்கைக்குள் பொத்தி வைத்திருப்பார், வீட்டுக்கு வரும்வரை கையில் பித்தளை வாடை அடிக்கும்.

இணையத்தில் லாகின் செய்வதும் அச்சு அசல் இதேதான். பயனர் பெயரும் பாஸ்வேர்டும்தான் செக்கும் கையெழுத்தும். சர்வர், அதாவது தளத்தை ஓட்டும் கணினி, அதை ஒரே ஒரு முறை சரிபார்க்கும். சரியாக இருந்தால் பதிலில் ஒரு நீளமான எழுத்துச் சரத்தைக் கொடுக்கும், அதற்கும் டோக்கன் என்றுதான் பெயர். அதற்கப்புறம் நீங்கள் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உங்கள் போனோ பிரவுசரோ அந்த டோக்கனை நீட்டிக்கொண்டே இருக்கும், சர்வரும் கேஷியரைப் போல டோக்கனை மட்டும் பார்க்கும். பாஸ்வேர்டு அங்கே மறுபடி வருவதே இல்லை. இப்போது அந்த ஆசிரியை கதையைத் திரும்பப் படியுங்கள். அவர் மாற்றியது கையெழுத்தை. திருடன் கையில் இருப்பதோ வில்லை.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு என்றால், வலைத்தளங்கள் பேசிக்கொள்ளும் ஹெச்டிடிபி என்கிற முறைக்குப் பிறவியிலேயே ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆள் வந்த மாதிரிதான், அரை நொடிக்கு முன்னால் வந்தவரே திரும்ப வந்தாலும் 'நீங்கள் யார்?' என்றுதான் கேட்கும். 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மான்டுல்லி இதற்குத்தான் குக்கியை, அதாவது தளம் பிரவுசரில் விட்டுவைக்கும் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டுவந்தார். போன் செயலிகள் வந்த பிறகு குக்கியை விடத் தோதான ஒன்று தேவைப்பட்டது, லாகின் ஏபிஐயின் (செயலி சர்வரிடம் கேட்டுப் பதில் வாங்கும் வாசல் அது) பதிலிலேயே டோக்கனை வைத்துக் கொடுக்கும் வழக்கம் பரவியது. 2012 அக்டோபரில் வந்த ஓஆத் 2.0 என்ற பொது விதிமுறையும் அதோடு சேர்ந்து வந்த 'பேரர் டோக்கன்' விதிமுறையும் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தன. பேரர் செக் தெரியுமல்லவா, கொண்டுவருபவருக்கே பணம். அதே பேரர்தான் இது. கோயில் வாசல் செருப்பு ஸ்டாண்டிலும் அப்படித்தான், அட்டையை யார் நீட்டினாலும் செருப்பு அவருக்கு.

சரி, என் சொந்தக் கதைக்கு வருகிறேன். இதை எழுதவே தயக்கமாக இருந்தது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்த்தேன். தனியார் பள்ளிகளுக்குச் செயலி செய்து கொடுப்போம். பெற்றோர் போனில் மதிப்பெண், கட்டண பாக்கி, பள்ளிப் பேருந்து இப்போது எந்தத் தெருவில் வருகிறது என்பதெல்லாம் தெரியும். நான் எழுதிய முதல் லாகின் ஏபிஐ என்ன பதில் கொடுத்தது தெரியுமா? 'வெற்றி, மாணவர் எண் 4182'. அவ்வளவுதான். செயலி அந்த 4182ஐப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்தடுத்த கோரிக்கைகளில் '4182இன் மதிப்பெண் கொடு', '4182இன் பேருந்து எங்கே' என்று கேட்கும், சர்வரும் கொடுக்கும். பாஸ்வேர்டு எல்லாம் கறாராகச் சரிபார்த்தோம், ஐந்து முறை தப்பாகப் போட்டால் பூட்டு விழும். ஆனால் பூட்டு இருந்த கதவுக்குப் பக்கத்தில் சுவரே இல்லை. கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த ஒரு பையன், தங்கையின் பள்ளிக்கணக்கை வைத்து 4182ஐ 4183 ஆக்கிப் பார்த்திருக்கிறான். அடுத்த பிள்ளையின் மதிப்பெண் வந்துவிட்டது. 4184, 4185 என்று போய்க்கொண்டே இருந்திருக்கிறான். நல்ல பையன், ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்களுக்கே அனுப்பினான். என் மேலாளர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது: 'இதையெல்லாம் யார் உட்கார்ந்து மாற்றிப் பார்க்கப் போகிறார்கள்?' ஒருவன் பார்த்துவிட்டுத்தான் படமே அனுப்பியிருக்கிறான்!

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து டோக்கன் சேர்த்தேன். சேர்த்தேன் என்று நினைத்துக்கொண்டேன் என்பதுதான் சரி. மாணவர் எண்ணை பேஸ்64 என்ற முறையில் வேறு எழுத்துகளாக மாற்றி, அதையே டோக்கன் என்று பெயர் வைத்து அனுப்பினேன். பார்க்கப் புரியாத எழுத்தாகத் தெரியும், அவ்வளவுதான், திருப்பிப் போட ஒரு நொடி போதும். 'க' பாஷை பேசி அம்மாவிடம் ரகசியம் காப்பாற்றும் பிள்ளைகள் மாதிரி. மறுநாள் காலை கூட வேலை பார்த்த அக்கா ஒருவர் பார்த்துச் சிரித்ததில் அது சர்வருக்குப் போகாமல் தப்பியது.

அப்புறம் ஒழுங்காக ஜேடபிள்யூடி போட்டோம். ஜேசன் வெப் டோக்கன் என்பதன் சுருக்கம், 2015 மே மாதம் ஆர்எஃப்சி 7519 என்ற எண்ணில் வெளியான விதிமுறை. புள்ளி வைத்துப் பிரித்த மூன்று துண்டுகள்: தலைப்பு, உள்ளடக்கம், கையெழுத்து. இதைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும், அநேகமாக எல்லாமே ஈ, ஒய், ஜே என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில்தான் தொடங்கும், ஏனென்றால் உள்ளே இருக்கும் ஜேசனின், அதாவது தகவலை எழுதும் ஒரு வடிவத்தின், முதல் அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் பேஸ்64இல் அப்படித்தான் வந்து விழும். சாதாரணமாகப் புழங்கும் ஜேடபிள்யூடி ஒரு அஞ்சலட்டை. வழியில் யார் கையில் கிடைத்தாலும் படிக்கலாம், ஆனால் அடியில் சர்வரின் கையெழுத்து இருப்பதால் ஓர் எழுத்தை மாற்றினாலும் தெரிந்துவிடும். படிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு அதற்குள் ஆதார் எண்ணை வைத்திருந்த ஒரு தளத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையெழுத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. என்ன முறையில் கையெழுத்திட்டது என்பதை டோக்கனின் தலைப்பிலேயே எழுதியிருக்கும், அங்கே 'எதுவும் இல்லை' என்று எழுதவும் விதிமுறையில் இடம் இருந்தது. டிம் மெக்லீன் என்பவர் 2015இல் சோதித்துப் பார்த்தபோது பல நிரல் நூலகங்கள் (மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்கள்) அதை அப்படியே நம்பி ஏற்றுக்கொண்டன. 'இந்தச் செக்குக்குக் கையெழுத்து தேவையில்லை' என்று செக்கிலேயே எழுதிக் கொண்டுவந்தவனுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்த கேஷியர் கதைதான்.

நாங்கள் அந்தக் குழியில் விழவில்லை. வேறு குழியில் விழுந்தோம்.

டோக்கன் போட்ட முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு ஒரு தடவை காலாவதி ஆகும்படி வைத்திருந்தேன். பெற்றோர் கொதித்துவிட்டார்கள், 'தினமும் காலையில் பஸ் எங்கே என்று பார்ப்பதற்குள் பாஸ்வேர்டு கேட்கிறது, அதைத் தேடுவதற்குள் பஸ்ஸே போய்விடுகிறது' என்று பள்ளி அலுவலகத்துக்கு போன் மேல் போன். நியாயம்தானே. மேலாளர் வந்து, 'இனி யாருக்கும் லாக் அவுட் ஆகவே கூடாது' என்றார். நான் காலாவதி என்ற இடத்தில் 3600 பெருக்கல் 24 பெருக்கல் 365 பெருக்கல் 10 என்று எழுதினேன். 31 கோடியே 53 லட்சத்து 60 ஆயிரம் நொடிகள், பத்து வருஷம். எல்கேஜி பிள்ளை பத்தாம் வகுப்புப் பக்கம் வரும்வரை அந்த ஒரே டோக்கன் செல்லும். புகார் நின்றது. எனக்கு அந்த மாசம் பாராட்டு வேறு கிடைத்தது.

ஏழெட்டு மாசம் கழித்து ஓர் அம்மா நேரில் வந்தார். பழைய போனைக் கடையில் கொடுத்துப் புதிது வாங்கியிருக்கிறார். கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துவிடுவதாகச் சொன்னார், அழிக்கவில்லை. போனை வாங்கிய இளைஞர் எங்கள் செயலியைத் திறந்திருக்கிறார். பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே போய்விட்டது, ஒரு சிறுமியின் படம், வகுப்பு, வீட்டு வாசலுக்குப் பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்பது வரைக்கும். அவர் நல்ல மனிதர், அதில் இருந்த எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிட்டார். அந்த அம்மா உடனே பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். மறுபடி அந்த இளைஞரிடம் கேட்டால், 'இன்னும் தெரியுதுங்க அக்கா' என்றிருக்கிறார். இன்னொரு தடவை மாற்றினார். இன்னும் தெரிந்தது. எங்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி: 'நான் மாத்துனா மாறாதுன்னா, அப்புறம் எதுக்குங்க மாத்துற பட்டன் வெச்சிருக்கீங்க?'

பதில் இல்லை என்னிடம். ஏனென்றால் நான் கொடுத்த டோக்கனைத் திரும்ப வாங்க எனக்கே வழி இல்லை. எங்கள் சர்வர் டோக்கனில் கையெழுத்து சரியா, தேதி முடிந்துவிட்டதா என்று இரண்டை மட்டும் பார்க்கும். யார் யாருக்குக் கொடுத்தோம் என்று ஒரு நோட்டுப் புத்தகம்கூடக் கிடையாது. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வோம், டேட்டாபேஸைத் தொடாமலேயே சரிபார்க்கிறோம், வேகம் பாருங்கள் என்று. வங்கி என்றால் தொலைந்துபோன வில்லையின் நம்பரைக் கேஷியரிடம் சொல்லி நிறுத்திவைக்கலாம். எங்களால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான்: கையெழுத்துக்கான ரகசியச் சாவியையே மாற்றுவது. மாற்றினோம். அத்தனை பள்ளிகளிலும் அத்தனை பெற்றோரும் ஒரே நொடியில் வெளியே விழுந்தார்கள். ஒரு எலிக்காக வீட்டையே கொளுத்தியது போல. அன்றைக்கு வந்த போன் அழைப்புகளை நான் எழுதப் போவதில்லை.

இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான். லாகின் பதிலில் டோக்கன் சேர்ப்பது அரை நாள் வேலை, இணையத்தில் தேடினால் பத்து வரியில் கிடைக்கும். கொடுத்த டோக்கனைத் திரும்ப வாங்குவதுதான் உண்மையான வேலை, அதை யாரும் கேட்பதில்லை, கேட்காததால் யாரும் செய்வதில்லை.

செய்வதும் பெரிய வித்தை இல்லை. ஓஆத் விதிமுறையில் 2012இலேயே இதற்கு இடம் இருக்கிறது. லாகின் பதிலில் இரண்டு டோக்கன் கொடுக்க வேண்டும். ஒன்று அக்சஸ் டோக்கன், பத்துப் பதினைந்து நிமிஷம்தான் ஆயுள், அது எத்தனை நொடி செல்லும் என்பதையும் பதிலிலேயே சொல்லிவிட வேண்டும். இன்னொன்று ரெஃப்ரெஷ் டோக்கன், மாசக்கணக்கில் இருக்கலாம், ஆனால் அதை வைத்து எதையும் பார்க்க முடியாது, புது அக்சஸ் டோக்கன் மட்டுமே வாங்க முடியும். அந்த ரெஃப்ரெஷ் டோக்கனுக்கு டேட்டாபேஸில் ஒரு வரி: யாருடையது, எந்தப் போன், எப்போது கொடுத்தது, டோக்கனின் ஹாஷ், அதாவது திருப்பி டோக்கனாக்க முடியாத ஒரு சுருக்கம். டோக்கனை அப்படியே எழுதி வைக்கக் கூடாது, டேட்டாபேஸ் திருட்டுப்போனால் எல்லாச் சாவியும் போச்சு. லாக் அவுட் செய்தால் அந்த வரியை அழி. பாஸ்வேர்டை மாற்றினால் அந்த ஆளின் எல்லா வரிகளையும் அழி. திருடன் கையில் இருப்பது அதிகபட்சம் பதினைந்து நிமிஷத்தில் செத்துப்போகும். பெற்றோருக்கும் தினமும் பாஸ்வேர்டு கேட்கிற தொல்லை இல்லை, பின்னால் செயலியே டோக்கனைப் புதுப்பித்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் பழைய ரெஃப்ரெஷ் டோக்கனை வாங்கிக்கொண்டு புதிது கொடுத்தால் இன்னும் நல்லது. ஒரு முறை பயன்படுத்திய பழையது இரண்டாம் முறை வந்து நின்றால் எங்கேயோ ஒரு நகல் உலவுகிறது என்று அர்த்தம், அந்த வரிசையையே ரத்து செய்துவிடலாம். நாங்கள் இதை இரண்டு வாரத்தில் செய்து முடித்தோம். டேட்டாபேஸில் கூடுதலாக ஒரு டேபிள், பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு கேள்வி. முதலிலேயே செய்திருக்கலாம்.

நிஜமாகவே கஷ்டமாக இருந்தது வேறு, அது முதன்முதலில் டோக்கன் போட்ட சமயத்தில். ஏற்கெனவே ஆயிரக்கணக்கான போன்களில் பழைய செயலி இருக்கிறதே, அதற்கு டோக்கன் என்றால் என்னவென்றே தெரியாது. பதிலில் புதிதாக ஒரு தகவல் சேர்த்தால் பழைய செயலி அதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும், அதனால் சேர்ப்பதில் ஆபத்தில்லை. ஆனால் பழைய செயலி இன்னும் மாணவர் எண்ணை மட்டும்தான் அனுப்பும், அதை ஏற்றுக்கொள்ளும்வரை 4183 ஓட்டை திறந்தே கிடக்கும். மூடினால் பழைய செயலி வைத்திருப்பவர்களுக்கு எல்லாம் வெள்ளைத் திரை. பள்ளி நிர்வாகம் 'தேர்வு முடியட்டும்' என்றது. தேர்வு முடிந்ததும் 'விடுமுறை முடியட்டும்' என்றது. டோக்கன் கொடுத்துக்கொண்டே, டோக்கன் இல்லாமல் வந்தவர்களையும் உள்ளே விட்டுக்கொண்டிருந்தோம், டிக்கெட் பரிசோதகர் முன்வாசலில் நிற்க, பின்வாசலில் எல்லாரும் ஏறுவது மாதிரி. கடைசியில் தேதி குறித்து, செயலியைப் புதுப்பிக்காவிட்டால் திறக்காது என்று மூடினோம். அன்றைக்குத்தான் அந்த டோக்கனுக்கு அர்த்தமே வந்தது. டோக்கன் கொடுப்பது முக்கியமில்லை, டோக்கன் இல்லாதவரை மறுப்பதுதான் முக்கியம் என்பதை இத்தனை வருஷத்தில் எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. இன்னொன்று, டோக்கன் இருந்தால் மட்டும் போதாது, அந்த டோக்கன்காரருக்கு 4183ஐப் பார்க்க உரிமை உண்டா என்று சர்வர் தனியாகக் கேட்க வேண்டும். அதை மறந்துவிட்டு டோக்கனை மட்டும் சேர்த்தவர்கள் ஊரில் நிறைய.

பெரிய இடங்களிலும் கதை இதேதான். 2010 அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் ஃபயர்ஷீப் என்ற ஃபயர்பாக்ஸ் நீட்சியை வெளியிட்டார். காபிக் கடை வைஃபையில் உட்கார்ந்து அதைத் திறந்தால், அதே வைஃபையில் இருப்பவர்களின் பேஸ்புக், ட்விட்டர் கணக்குகள் பெயரும் படமுமாக வரிசையாக வந்து நிற்கும், ஒன்றைச் சொடுக்கினால் உள்ளே போகலாம். லாகின் பக்கத்தை மட்டும் குறியாக்கம் செய்துவிட்டு, அதற்குப் பிறகு குக்கியைத் திறந்த வெளியில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 2023 மார்ச்சில் கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ் யூடியூப் சேனலை ஆக்கிரமித்தவர்களுக்கும் பாஸ்வேர்டு தேவைப்படவில்லை, ஓடிபியும் தேவைப்படவில்லை. ஊழியர் ஒருவர் விளம்பர ஒப்பந்தம் என்று நம்பித் திறந்த கோப்பு, பிரவுசரில் இருந்த டோக்கன்களை அள்ளிக்கொண்டு போய்விட்டது. தொழில்நுட்பத்தைப் பற்றியே பேசிப் பிழைப்பவர்களுக்கு இந்த கதி.

ஆனால் 2018 செப்டம்பரில் பேஸ்புக்கில் நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். 'என் பக்கம் இன்னொருவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்' என்று பார்க்கும் வசதியில் இருந்த கோளாறு, அந்த இன்னொருவரின் அக்சஸ் டோக்கனையே பக்கத்துக்குள் கொட்டிவிட்டது. முதலில் 5 கோடிக் கணக்குகள் என்றார்கள், பிறகு சுமார் 3 கோடிப் பேரின் டோக்கன் களவுபோனதாகச் சொன்னார்கள். கோளாறு படுமோசம், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோளாறை அடைத்த கையோடு அவர்கள் செய்த காரியம் அந்த 5 கோடிப் பேரின் டோக்கனையும், சந்தேகத்துக்காக இன்னொரு 4 கோடிப் பேரின் டோக்கனையும் செல்லாமல் ஆக்கியதுதான். காலையில் எழுந்தவர்கள் லாகின் பக்கத்தைப் பார்த்தார்கள். பாஸ்வேர்டை மாற்றத் தேவையில்லை என்றும் நிறுவனமே சொன்னது, பாஸ்வேர்டு போகவில்லையே! திரும்ப வாங்கும் வழி இருந்ததால்தான் இது சாத்தியம். நம் ஊரில் உள்ள எத்தனை தளங்களால் இதைச் செய்ய முடியும் என்று நினைத்துப் பார்த்தால் எனக்குத் தூக்கம் வராது.

என் தொழில்காரர்களுக்கும் ரெண்டு வார்த்தை. லாகின் பதிலில் தேவையானதை மட்டும் கொடுங்கள். டேட்டாபேஸில் இருந்து பயனரின் முழு வரியையும் எடுத்து அப்படியே பதிலில் போட்டு, பாஸ்வேர்டின் ஹாஷையும் பிறந்த தேதியையும் சேர்த்து அனுப்பிய ஏபிஐயை நிரல் சரிபார்க்கும்போது பிடித்திருக்கிறேன், எழுதியவர் அனுபவசாலி. அந்தப் பதிலை எங்கேயும் சேமிக்கக் கூடாது என்று சொல்லும் ஒரு வரியைப் பதிலின் தலைப்பில் வைக்கச் சொல்லி விதிமுறையே சொல்கிறது, யாரும் வைப்பதில்லை. வலைத்தளம் என்றால் ரெஃப்ரெஷ் டோக்கனை ஜாவாஸ்கிரிப்ட் தொட முடியாத குக்கியில் வையுங்கள், பிரவுசரின் திறந்த அலமாரியான லோக்கல் ஸ்டோரேஜில் போடாதீர்கள், பக்கத்தில் ஏறும் எந்த விளம்பர நிரலும் அதைப் படித்துவிடும். அப்புறம் லாக், அதாவது சர்வரில் நடப்பதை எழுதி வைக்கும் பதிவேடு. கோளாறு பார்ப்பதற்காக வரும் பதிலை எல்லாம் முழுசாக லாகில் எழுதுகிறோம், டோக்கனும் அதோடு போய் உட்காருகிறது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், அதாவது உயிருள்ள டோக்கன்களை ஆறு மாசம் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறோம். தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் வந்த சட்டத்தில், போதிய பாதுகாப்பு செய்யாததற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போட இடமிருக்கிறது. மேலாளரிடம் நேரம் கேட்கும்போது இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள், எனக்கு ஒரு முறை வேலை செய்தது.

அந்த ஆசிரியைக்கு: பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிறுத்தாமல், அமைப்புகளுக்குள் போய் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பது போல ஏதாவது இருக்கிறதா பாருங்கள். கூகுளில் 'உங்கள் சாதனங்கள்' என்றும் வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்றும் இருக்கும், தெரியாத போன் அங்கே இருந்தால் அங்கிருந்தே வெளியே தள்ளலாம். நீங்கள் சொல்லும் தளத்தில் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றால், தப்பு உங்கள் மேல் இல்லை, அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள்.

மற்ற வாசகர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம், கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் வேண்டாம். ஒரே கணக்கில் போனிலும் கணினியிலும் லாகின் செய்யுங்கள். கணினியில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஒரு காபி குடித்துவிட்டு, இருபது நிமிஷம் கழித்து போனை எடுத்து ஏதாவது ஒரு பக்கத்தைப் புதுப்பியுங்கள். பாஸ்வேர்டை மாற்றும்போதே 'மற்ற சாதனங்களிலும் வெளியேறட்டுமா' என்று கேட்டுவிட்டு, நீங்கள் வேண்டாம் என்றதால் விட்டுவைத்திருந்தால் அது நாகரிகம். எதுவும் கேட்காமல் போன் பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டே இருந்தால், அந்தத் தளத்தில் டோக்கனைக் கொடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், வாங்கத் தெரிந்தவர்கள் இல்லை.

இதைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் உங்கள் மின்னிதழிலும் இதே சோதனையைச் செய்து பார்த்தேன், சந்தாதாரன் என்ற உரிமையில். செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குக் கணினியில் பாஸ்வேர்டை மாற்றினேன். புதன், வியாழன் இரண்டு நாளும் போனில் முதல் பக்கத்திலிருந்து ராசிபலன் வரைக்கும் நிம்மதியாகப் படித்தேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. கடிதத்தை வெட்டும்போது இந்தப் பத்தியை மட்டும் வெட்டிவிடாமல், உங்கள் இணையப் பிரிவுக்கு ஒரு நகல் அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சந்தாதாரர், கோவை
(பெயர் வெளியிட வேண்டாம், பழைய மேலாளரும் உங்கள் வாசகர்தான்)